எம்டன் முதல் செல்போன் வரை: ராணுவமும் காற்றலைப் பங்கீடும்

கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் அது. அதன் பீரங்கியைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அதன் வயர்லெஸ் பற்றி.

அக்கால வயர்லெஸ் தீப்பொறியில் இயங்கியது. ஒரு கருவி பேசினால் அகன்ற அலைப்பரப்பு முழுவதும் இரைச்சல்; பக்கத்தில் இன்னொருவர் பேச வழியில்லை. எம்டன் பெரும்பாலும் வாய் திறக்காமல் பிறர் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தது. 1914 நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவின் தந்தி நிலையம் அபயக்குரல் எழுப்பியபோது, தானும் கூச்சலிட்டு அதை அமுக்கப் பார்த்தது. பலிக்கவில்லை. செய்தி கேட்டு விரைந்து வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அன்றே தோற்றது.

காற்றலை விசித்திரமான சரக்கு. மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்க முடியாது. ஒரே அலையில் இருவர் ஒரே நேரம் கை வைத்தால் இருவருக்கும் கிடைக்காது, அவ்வளவுதான். ஆகவே படைகள் மூன்று வழி கண்டன.

முதலாவது, முறை வைப்பது. ஒரு தலைமை நிலையம் அனுமதித்தவர் பேச, மற்றவர் கேட்பார்கள். தாராவிப் பொதுக்குழாயில் குடங்களை வரிசை வைப்போமே, அதே கணக்கு. இன்றைய கருவிகள் ஒரு நொடியையே பல துண்டாக்கித் தாமே முறை வைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது, தாவுவது. 1942இல் நடிகை ஹெடி லாமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் மாறி மாறித் தாவும் யோசனை அது. எதிரியால் தடுப்பது கடினம். தாவும் ஒழுங்கு வேறுபட்டால் பல வலைகள் ஒரே பரப்பில் குடியிருக்கலாம்.

மூன்றாவது, கம்பிக்கு மாறுவது. இது நம் நாட்டிலேயே நடந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் காற்றலை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. ஆனால் செல்போனுக்கு வேண்டிய அலைகளில் கணிசமான பகுதி படைகளிடம் இருந்தது. 2009இல் தொலைத்தொடர்புத் துறையும் பாதுகாப்பு அமைச்சகமும் உடன்பாடு செய்தன: படைகள் படிப்படியாக அலையை விட்டுத்தரும், பதிலுக்கு அவற்றுக்கென்றே தனிக் கண்ணாடி இழைக் கம்பி வலை போட்டுத் தரப்படும். விமானப்படையின் வலை 2010 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. படைகளுக்கான வலைக்கு 2012இல் 13,334 கோடி ரூபாய், 2018இல் மேலும் 11,330 கோடி அனுமதிக்கப்பட்டது.

பெரிய செலவுதான். ஆனால் வரவையும் பாருங்கள். 2010இல் 34 நாள் நடந்த 3ஜி ஏலத்தில் மும்பை வட்டாரத்தின் ஒரு உரிமம் மட்டும் 3,247 கோடிக்குப் போனது. அரசு நிறுவனங்கள் கட்டியதும் சேர்த்து மொத்த வரவு சுமார் 67,700 கோடி.

அதற்காக எல்லாவற்றையும் விற்றுவிட முடியாது. எல்லைக் காவலில் நிற்கும் ஜவானுக்குக் கம்பி துணைக்கு வராது. அவன் கையில் இருப்பது வயர்லெஸ்தான். இதை உணர்ந்தே 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை படைகளுக்கெனத் தனி அலைப்பகுதியை ஒதுக்கியது. எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு நலன் மண்டலம் என்றும் வகுத்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து ஊருக்குப் பேசும் நாம், படைகள் இடம் விட்டதால் அகலமான சாலையில்தான் பேசுகிறோம். அவர்களுக்கென்று வைத்த மிச்சத்தில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.