வெட்டுக்கிளியைத் தேடி வந்த எறும்பு

இறந்த உயிரின் உடலைச் சிற்றுயிர்கள் எவ்வாறு கண்டறிகின்றன என்னும் வினா நவீன ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே அது எழுப்பப்பட்டுவிட்டது. எழுப்பியவர் அபூ உஸ்மான் அம்ரு இப்னு பஹ்ர். அல்ஜாஹிழ் என்னும் பட்டப்பெயரால் அறியப்படுபவர். ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868/869) மறைந்த இவ்வறிஞரின் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் எறும்பைப் பற்றிய பகுதி நம் கவனத்திற்குரியது.

வெட்டுக்கிளியை உண்ணும் ஒருவரின் கையிலிருந்து ஒன்று தவறி விழுகிறது. அருகில் எறும்பே இல்லை. எனினும் சற்று நேரத்தில் ஓர் எறும்பு அதனை நாடி வருகிறது. புரட்டவும் இழுக்கவும் முயல்கிறது. இயலாதபோது வளைக்குத் திரும்பிக் கூட்டத்துடன் மீள்கிறது. இக்காட்சியிலிருந்து அல்ஜாஹிழ் இரு முடிவுகளைப் பெறுகிறார். மனிதனின் மூக்குக்கு எட்டாத வாடையை எறும்பு முகர்கிறது. கண்டதைத் தன் இனத்திற்கு அறிவிக்கவும் செய்கிறது. அந்நம்ல் அத்தியாயத்தில் பேசும் எறும்பையும் இவ்விடத்தில் அவர் நினைவூட்டுகிறார்.

இரண்டாம் முடிவுக்கு விளக்கம் கிடைக்கப் பதினொரு நூற்றாண்டுகள் ஆயின. நெருப்பெறும்பு தன் வயிற்றுச் சுரப்பியொன்றின் நீரால் தரையில் தடமிட்டுத் தோழியரை அழைக்கிறது என்பதை 1959இல் எட்வர்ட் வில்சன் காட்டினார். முதல் முடிவுக்கான சான்று துனீசியாவின் உப்புப் பாலையிலிருந்து 2014இல் வெளிவந்தது. அங்குள்ள பாலை எறும்பு காற்றுக்குக் குறுக்காக நெடுந்தொலைவு ஓடுகிறது. வாடை உணர்கொம்பில் பட்டதும் காற்றை எதிர்த்துத் திரும்புகிறது. இறந்த பூச்சியின் உடலிலிருந்து எழும் லினோலிக் அமிலமே அதற்கு வழிகாட்டி. பல மீட்டர் தொலைவிலிருந்தும் அது இரையை அடைந்துவிடுகிறது. ஆயினும் இவ்வெறும்பு தடமிட்டுத் துணையை அழைப்பதில்லை. அல்ஜாஹிழ் கண்டது எல்லா எறும்புக்கும் பொருந்தாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமிலத்தையும் சுரப்பியையும் அல்ஜாஹிழ் அறிந்திருந்தார் என நாம் உரிமை கொண்டாடினால், அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அரிஸ்டாட்டிலின் கூற்றுக்கே சான்று கேட்டவர் அவர். அவரது வாரிசுகள் எனச் சொல்லிக்கொள்ளும் நாம், அவர் நூலைப் போற்றுவதோடு நின்றுவிட்டோம். கீழே விழுந்த வெட்டுக்கிளியின் அருகே பொறுமையாக அமர்ந்து பார்த்த அந்தப் பழக்கமன்றோ நாம் இழந்த சொத்து!