பால் உறைவதற்குள்: ரப்பர் தோட்டமும் வினைவேகமும்

உயர்நிலை மூன்று, நான்கில் வேதியியல் எடுக்கும் நம் மாணவர்கள் 'வினைவேகம்' பற்றிப் படிக்கிறார்கள். வெப்பநிலை, செறிவு, பரப்பளவு, வினையூக்கி. ஆங்கிலத்தில் கேட்டால் நான்கையும் மூச்சுவிடாமல் ஒப்பிச்சிடுவாங்க. அதையே தமிழில் சொல்லச் சொன்னால் திணறுவாங்க. கலைச்சொற்களை அச்சிட்டுக் கொடுத்தால் அடுத்த வாரமே மறந்துடுவாங்க. ஆகவே வேறொரு வழி சொல்கிறேன். இந்தக் காரணிகளோடு தினமும் மல்லுக்கட்டிய தமிழர்கள் நம் வட்டாரத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து தொடங்குவோம்.

பாசிர் ரிஸ் கடற்கரையில் நின்றால் எதிரே தெரிவது புலாவ் உபின். சாங்கி முனையில் படகு ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். அங்கே பழைய தோட்டங்களின் ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. நம் மூத்த தலைமுறை அதைப் 'பால்மரம்' என்றது.

பால்மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. அமேசான் காட்டு மரம். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் நம் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். தோட்டக்காரர்களிடம் விதையைத் திணிக்காத குறையாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பெயரும் கிடைத்தது. (அந்தப் பைத்தியம் நூறு வயது வாழ்ந்து 1956-இல் காலமானார்.) 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிகத் தோட்டம் போட்டார். பிறகு மலாயா முழுக்க ரப்பர். கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள்.

இதெல்லாம் பாடநூலில் இருப்பதுதான். அதில் இல்லாதது ஒன்று: அந்த மக்களின் நாளை யார் வகுத்தது? துரையும் கங்காணியும் என்போம். அவர்களுக்கும் மேலே ஒரு கடிகாரம் இருந்தது. அது பால்.

வீட்டில் தயிர் உறையவைப்பதை நினைத்துப் பாருங்க. உறைமோர் ஊற்றியதும் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. பால் புளித்துத் திரிகிறது. ரப்பர் பாலிலும் ஏறக்குறைய இதே கதை. அதில் ரப்பர் துகள்கள் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் புரதத்தில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்தே நிற்கின்றன. பால் புளிக்கப் புளிக்க அந்த மின்னூட்டம் அடங்கிப்போகும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் கட்டியாகிவிடும். கண்டிப்பாகச் சொன்னால் புளிப்பதுதான் வேதிவினை, உறைவது அதன் விளைவு. வெயில் ஏற ஏற வினையும் வேகமெடுக்கும். நம் ஊர்ச் சூட்டில் மேசைமேல் வைத்த தயிர் சில மணி நேரத்தில் உறைந்துவிடுகிறது. குளிர்பெட்டியில் வைத்தால் உறையவே மாட்டேன் என்கிறது இல்லையா? அதேதான்.

இப்போது தோட்டத்து நாளைப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. இருட்டிலேயே மரம் வெட்டத் தொடங்கணும். குளிர்ந்த வேளையில்தான் மரத்தினுள் அழுத்தம் அதிகம். பால் நன்றாக வடியும். இது தாவரவியல். வேதியியல் தொடங்குவது பால் மங்கில் விழுந்த பிறகு. (மங்கு என்றால் மரத்தில் கட்டிய கோப்பை, மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.) வெட்டி முடித்ததும் மறுபடி மரம் மரமாகப் போய்ப் பாலை வாளியில் சேர்த்து, வெயில் உச்சிக்கு வருமுன் ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதித்தால் வாளியிலேயே கட்டிபடும். கட்டிப்பாலுக்கும், மங்கிலும் பட்டையிலும் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலுக்கும் விலை குறைவு.

வினையை வெல்ல இரண்டு வழி. ஒன்று, பாலில் சில துளி அம்மோனியா சேர்த்துப் புளிப்பைத் தள்ளிப்போடுவது. இன்னொன்று, ஆளை வேகமாக ஓடவைப்பது. தோட்டங்கள் இரண்டையும் செய்தன. கங்காணியின் அதட்டலை அவன் குணத்தோடு மட்டும் முடித்துவிட்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். பாலின் அவசரம் மனித உடம்பின்மேல் ஏற்றப்பட்டது, அதுவும் கொஞ்சக் கூலிக்கு.

ஸ்டோருக்குள் போனதும் எல்லாம் தலைகீழ். அதுவரை மெதுவாக்கப் பார்த்த வினையை இப்போது விரைவாக்க வேண்டும். அமேசானில் பாலை ஒரு கோலில் ஊற்றி ஊற்றிப் புகையில் காட்டினார்கள். புகையிலுள்ள அமிலமும் சூடும் சேர்ந்து உறையவைத்தன. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அது சரிப்படுமா? இலங்கையில் பேராதனைப் பூங்காவில் இருந்த ஜான் பார்கின் 1899 வாக்கில் அசிட்டிக் அமிலத்தைப் பரிந்துரைத்தார். பின்னாளில் ஃபார்மிக் அமிலம் பரவலானது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்.

செறிவை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அமிலத்தை அப்படியே ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் சட்டென்று கட்டி தட்டும், மற்ற இடம் பாலாகவே நிற்கும். அதனால் பாலிலும் தண்ணீர், அமிலத்திலும் தண்ணீர். கலந்து, நுரை எடுத்து, தொட்டியில் விட்டால் ஒரே சீராக உறையும். பிறகு உருளையில் கொடுத்து மெல்லிய, வரிவரியான தகடாக்கிப் புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். வரி எதற்கு? பரப்பளவு கூடினால் ஈரம் சீக்கிரம் போகும். உலர்வது வேதிவினை அல்ல என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பரப்பளவுக் கணக்கு மட்டும் ஒன்றுதான்.

வினையூக்கி போன்ற ஒன்றைத் தேடினால் கடல் தாண்டணும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதிப்படும் என்று கண்டுபிடித்தார். ஆனால் மணிக்கணக்கில் வேகவைக்கணும். 1906-இல் ஆக்ரன் நகரில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் அனிலின் சேர்த்து நேரத்தைக் குறைத்தார். அடுத்து வந்த முடுக்கிகள் அதை நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்தன. டயர் மலிந்தது, கார் பெருகியது, ரப்பர் இன்னும் வேண்டும் என்றார்கள். இங்கே காட்டை அழித்து மேலும் தோட்டம் போட்டார்கள்.

வகுப்புக்கு வருவோம். இரண்டு கிண்ணம் பால், ஒரே அளவு உறைமோர். ஒன்று மேசைமேல், ஒன்று குளிர்பெட்டியில். மறுநாள் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு ஐந்து சொற்கள்: பால்மரம், பெரட்டு, மங்கு, கட்டிப்பால், ஒட்டுப்பால். மலேசியாவிலிருந்து வந்த தாத்தா பாட்டி இருக்கும் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவரட்டும்; புதுச் சொல்லோடு வந்தால் கரும்பலகையில் சேர்த்துக்கோங்க. நான் இந்தப் பாடத்தில் வைக்கும் கருத்தறிதல் வினா ஒன்றுதான்: தினமும் பால் ஊற்றும் முன் மங்கை ஏன் சுத்தமாகத் துடைத்தார்கள்? தயிர் உறையவைத்த பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கும். ஒட்டிக்கிடக்கும் நேற்றைய பால்தான் இன்றைய பாலுக்கு உறைமோர். அந்தத் துடைக்கும் வேலைக்குச் சிறுவர்களும் போனார்கள்.