படிக்கட்டு வீடும் பெட்டி வீடும்

மொன்றியலில் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சாமியறை, வாகனத் தரிப்பிடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விசாரித்த கையோடு இப்போது இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "பேஸ்மென்டில் ஜிம் போடலாமா?" ஆண்டுக்கு 2 மீட்டர் உயரத்துக்குப் பனி கொட்டும் ஊர் இது. சனவரியில் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை அளவில் நிற்கும். நடைபாதை உறைந்து வழுக்கும் நாட்களில் அறுபது கடந்தவர்கள் வெளியே கால் வைக்கவே அஞ்சுகிறார்கள். நீரிழிவும் இதய நோயும் தெற்காசியர்களை மற்றவர்களைவிட முந்தியே பிடித்துக்கொள்கின்றன என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்வியை ஆடம்பரம் என்று நான் தள்ளமாட்டேன். விடையை நேரே நிலவறைக்குள் போய்த் தேடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் உடல் அசைவதற்கு எங்கே இடம் என்ற கேள்விக்கு இந்த ஊர் ஏற்கெனவே இரண்டு விடைகளைக் கட்டி வைத்திருக்கிறது. ஒன்று, பெயர் தெரியாத தச்சர்களும் கொத்தனார்களும் தெருத்தெருவாக எழுப்பிய ட்ரிப்ளெக்ஸ். மற்றது, முப்பது வயது நிரம்பாத ஒரு கட்டடக்கலைஞர் ஒரே தடவை கட்டிக் காட்டிய ஹாபிடாட் 67.

ட்ரிப்ளெக்ஸை முதலில் பார்ப்போம். நம்மவர்களில் பலர் இந்த ஊரில் முதலில் குடியேறியது அதில்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1930கள் வரை, ஆலை வேலைக்கு வந்து குவிந்த குடும்பங்களுக்காகக் கட்டியவை இவை. நிலத்தின் அகலம் பெரும்பாலும் 25 அடி. இரு பக்கமும் அயல்வீட்டோடு பொதுச்சுவர். மூன்று தளத்தில் மூன்று குடும்பங்கள், ஆளுக்கொரு வாசல். உள்ளே படிக்கட்டு வைத்தால் வாடகைக்கு விடக்கூடிய இடமும் போகும், சூடாக்க வேண்டிய இடமும் கூடும் என்பதால் படியை வீட்டுக்கு வெளியே, முன்முற்றத்தில் இரும்பில் வளைத்து இறக்கினார்கள். 1940களில் மாநகரசபை அந்த வெளிப்படிகளைத் தடைசெய்தது. 1980களில்தான் தடை தளர்ந்தது. இன்று மொன்றியலைப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் எடுப்பது அந்தப் படியைத்தான்.

கடையிலிருந்து 40 இறாத்தல் அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாம் தளத்துக்கு ஏறிப் பாருங்கள். முதலில் வெளிப்படி, அது வளைகிறபோது உட்பக்கத்துப் படி ஒடுங்கிவிடுவதால் காலை வெளி ஓரமாக வைக்க வேண்டும். இடது கை கம்பியைப் பிடிக்கும். கையுறை இல்லாவிட்டால் பெப்ரவரியில் கம்பி தோலைக் கடிக்கும். இரண்டாம் தளத்துப் பால்கனியில் ஒரு மூச்சு விட்டு, ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு படி, இது நெட்டுக்குத்து. பளுதூக்கிப் படியேறும் இந்தப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு தடவை, பெயர் வைக்காமல், நம் தாய்மார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செய்திருக்கிறார்கள்.

அதே வீட்டின் உள்ளே நீள நடை ஒன்று உண்டு, முன் கதவிலிருந்து பின் சமையலறை வரை. பனிக்காலத்தில் வயதானவர்கள் நடை பழகுவது அங்கேதான். பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-தே-நேஜிலும் பல வீடுகளில் நான் கண்ட காட்சி இது: சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் தடித்த காலுறை, ஒரு கை சுவரைத் தொட்டபடி, சமையலறை வரை போய்த் திரும்பி வரும் அம்மம்மா. யாரும் அந்த நடையை உடற்பயிற்சிக்கென்று வரையவில்லை. ஆனால் ஒரு வீட்டை நீளவாக்கில் கட்டினால் நடக்க ஓர் இடம் தானாகக் கிடைக்கிறது. இன்று அதே வீடுகளைத் திருத்துகிறவர்கள் முதலில் இடிப்பது இந்த நடைச்சுவரைத்தான், "திறந்த அமைப்பு" வேண்டுமென்று. அது பல வீடுகளில் தளத்தின் பாரத்தையே தாங்கும் நடுச்சுவர். இடித்துவிட்டு, மேல்தளம் தொய்ந்த பிறகு உத்தரம் போடுகிறார்கள்.

ட்ரிப்ளெக்ஸின் குறைகளும் லேசானவை அல்ல. இரு பக்கமும் சுவர் அடைத்துக்கொண்டதால் ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டுமே. நடு அறை பகலிலும் இருட்டு. மரச்சட்டத் தளம் காலடி ஒவ்வொன்றையும் கீழ்வீட்டுக்குச் சொல்லிவிடும். பாரம் ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். கனடாவின் கட்டட விதிகள் குடியிருப்புத் தளத்துக்குக் கணக்கிடும் பயன்பாட்டுப் பளு சதுர அடிக்கு ஏறக்குறைய 40 இறாத்தல். ட்ரெட்மில்லை அது தாங்கும். பளுத்தூக்கும் சட்டம், தட்டுகள், ஆள் எல்லாம் ஒரே மூலையில் சேர்ந்து, மேலே தூக்கிய பாரத்தைக் கீழே போடவும் செய்தால் நூறு வயது மரம் என்ன செய்யும்? பளுத்தூக்கும் சட்டத்தைப் பொதுச்சுவருக்குப் பக்கத்தில், தளத்தின் பல மரச்சட்டங்களுக்குக் குறுக்காக வைத்தால் பாரம் பிரிந்துபோகும். ரப்பர் விரிப்பு தரையைக் காக்குமே தவிர, 'தொம்' என்ற அந்த அடியை அதிகம் குறைக்காது. அதற்கு விரிப்புக்குக் கீழே மிதக்கும் தளம் ஒன்று வேண்டும்.

இப்போது ஆற்றங்கரைக்குப் போவோம். செயின்ட் லோரன்ஸ் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிதே-து-ஹாவ்ர் நிலத்துண்டில் நிற்கிறது ஹாபிடாட் 67. ஹைஃபாவில் பிறந்து, பதினைந்து வயதளவில் குடும்பத்தோடு மொன்றியல் வந்த மோஷே சஃப்டி, மக்கில் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வளர்ந்தது இது. எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. பக்கத்திலேயே தொழிற்சாலை போட்டு 354 கொங்கிரீட் பெட்டிகளை ஒரே அளவில் வார்த்து, பாரந்தூக்கியால் அடுக்கி 158 வீடுகளாக்கினார்கள். ஒரு படுக்கையறை வீடும் உண்டு, நான்கு படுக்கையறை வீடும் உண்டு. ஒவ்வொரு பெட்டியும் கீழ்ப்பெட்டியிலிருந்து விலகி நிற்பதால் கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டின் தோட்டமாகிறது. எல்லாருக்கும் ஒரு தோட்டம் என்பதுதான் சஃப்டியின் கொள்கை.

மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்பதில்லை. நான்கு தளத்துக்கொரு முறை நிற்கும். இறங்கினால் ஆகாயத்தில் ஒரு தெரு: காற்றுப்படும் நடைபாதை, இரு பக்கமும் வீட்டு வாசல்கள். அங்கிருந்து உங்கள் வீட்டுக்குப் படியேறியோ படியிறங்கியோ போக வேண்டும். ட்ரிப்ளெக்ஸின் வெளிப்படியையும் தனி வாசலையும் தெரிந்தே அங்கே தூக்கி வைத்ததுபோல்தான் எனக்குத் தோன்றுகிறது. மொன்றியலில் வளர்ந்த ஒருவர் அந்தப் படிகளை மறந்திருக்க வழியில்லை.

ட்ரிப்ளெக்ஸுக்கு இல்லாத ஒன்று ஹாபிடாட்டில் தாராளமாக உண்டு: வெளிச்சம். பெட்டிகள் விலகி நிற்பதால் பல வீடுகளுக்கு மூன்று பக்க ஜன்னல். மேலே தோட்டத்தளத்தில் மே முதல் ஒக்டோபர் வரை கர்லாக்கட்டை சுற்றலாம்; கை எட்டும் உயரத்தில் கூரை இல்லை. காலையில் சூரிய நமஸ்காரம் செய்கிறவருக்கு எதிரே சூரியனே இருக்கும். கட்டடத்துக்குப் பின்னால் ஆற்றில் ஒரே இடத்தில் நின்றெழும் அலை ஒன்று உண்டு. அந்த அலைக்கும் ஹாபிடாட் 67 என்றே பெயர். கடல் இல்லாத ஊரில் அலைச்சறுக்கு பழகுகிறவர்கள் பலகையோடு அங்கே வருகிறார்கள்.

ஆனால் இந்த அழகுக்குக் கொடுத்த விலை பெரியது. வெளிக்காற்றுப் படும் பக்கங்கள் கூடக்கூட வெப்பம் ஓடும் வழிகளும் கூடும். உறைந்து உருகும் பருவம் கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும், தண்ணீர் உள்ளே வரும். சஃப்டியின் சொந்த வீட்டையே அரை நூற்றாண்டுக்குப் பிறகு பெருஞ்செலவில் செப்பனிட வேண்டியிருந்தது. கடையும் பள்ளியும் சேர்ந்த, ஆயிரம் வீடுகளுக்குக் குறையாத ஊராக வரைந்த திட்டம் 158 வீடுகளோடு நின்றது. பெட்டிகளை ஏராளமாக வார்த்தால் விலை இறங்கும் என்ற கணக்கு, சிறு எண்ணிக்கையில் பலிக்கவில்லை. சாதாரணக் குடும்பங்களுக்கென்று நினைத்த இடம் 1985இல் தனியார் கைக்கு மாறி, இன்று வசதியுள்ளவர்களின் முகவரியாகிவிட்டது. ட்ரிப்ளெக்ஸோ, கீழ்த்தளத்தில் தான் குடியிருந்து மேல்தளங்களின் வாடகையில் கடன் கட்டும் வழியைக் கொடுத்தது. அந்த வழியில்தான் இத்தாலியரும் கிரேக்கரும் போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின்னால் நம்மவர்களும் இந்த ஊரில் காலூன்றினார்கள். ஊருக்கு எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் ட்ரிப்ளெக்ஸ் என்பேன். உடலுக்கு எது நல்ல அறை என்று கேட்டால் ஹாபிடாட்டின் அறை.

வீட்டு உடற்பயிற்சிக்கு மொன்றியல் உலகுக்கே ஒரு வரலாறு கொடுத்த ஊர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1919இல் பிறந்த ஜோ வீடர், இங்கே ஏழைகள் வாழ்ந்த அடுக்கு வீடுகளுக்கிடையே வளர்ந்தார். பளு வாங்கக் காசில்லாததால் ரயில்வே கழிவு இரும்பிலிருந்து தானே ஒரு பார்பெல் செய்துகொண்டார். 1940இல், இருபது வயதில், பெற்றோர் வீட்டிலிருந்தபடியே 'யுவர் ஃபிசிக்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1946இல் தம்பி பென்னோடு சேர்ந்து அவர் தொடங்கிய உடற்கட்டுச் சம்மேளனமும் மொன்றியலில் பிறந்ததுதான். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேக்கரை அமெரிக்காவுக்கு அழைத்தவரும் அவரே. இத்தனைக்கும் தொடக்கம் ஒரு சிறு வீடும் துருப்பிடித்த இரும்பும்.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு நிலவறைக்குத் திரும்புவோம். அதன் கொங்கிரீட் தரை பாரத்துக்கு நல்லது, மறுப்பில்லை. ஆனால் 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் நின்றபடி பார்பெல்லைத் தலைக்கு மேல் உயர்த்தினால், பெரிய தட்டின் மேல் விளிம்பு 2.3 மீட்டர் அளவுக்குப் போகும். பழைய ட்ரிப்ளெக்ஸ் நிலவறைகளில் பலவற்றுக்கு அந்த உயரம் கிடையாது. தோண்டி ஆழமாக்கலாம் என்பார்கள். ரோஸ்மொன்ட், விலெரே பக்கம் மண் பல இடங்களில் பழைய கடலடிக் களிமண். வறட்சியில் அது சுருங்கி அத்திவாரத்தை இறக்கிவிடும். பொதுச்சுவரின் அடியைத் தொடுவதற்கு முன் பொறியியலாளர் வேண்டும், அயலவரிடமும் பேச வேண்டும். இத்தனை செலவுக்குப் பிறகு கிடைப்பது வெளிச்சமில்லாத, ஈரம் மணக்கும் ஓர் அறை. இளைஞர்கள் இறங்கிப் போவார்கள். மூட்டுவலிக்காரத் தாய் போகமாட்டார். உடற்பயிற்சி மிகவும் தேவைப்படுகிறவருக்கு எட்டாத இடத்தில் அதை வைத்துவிடுகிறோம்.

இன்னொரு வழியை வசதியுள்ளவர்கள் எடுக்கிறார்கள்: இரண்டு தளங்களை இணைத்து ஒரே பெரிய வீடாக்கி, ஒரு தளத்தில் ஜிம், அலுவலறை, விருந்தினர் அறை. ஹாபிடாட்டிலும் பெட்டிகளைச் சேர்த்துச் சேர்த்து வீடுகளின் எண்ணிக்கை 158இலிருந்து குறைந்துவிட்டது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலையும் குடும்பங்கள் இருக்கும் நகரத்தில் இதை என்னால் ஏற்க முடியாது. மொன்றியலின் சில பரோக்கள் (நகர வட்டாரங்கள்) இப்படித் தளங்களை இணைப்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருப்பது சரியான முடிவு.

இவை இரண்டும் இல்லாமலே, ட்ரிப்ளெக்ஸின் ஒரு தள வீட்டுக்குள்ளேயே இடம் உண்டு. மேல்தளக்காரர் இருண்ட நடு அறைக்கு மேலே கூரையைத் திறந்து வான்கண்ணாடி வைக்கலாம். ஹாபிடாட்டின் வெளிச்சத்தை ட்ரிப்ளெக்ஸுக்குள் இறக்கும் வழி அதுதான். அந்த அறையில் பாரச்சட்டம் வேண்டாம். சுவரின் மரச்சட்டத்திலேயே திருகாணியால் பொருத்திய ஒரு கம்பி, இழுக்கும் ரப்பர் பட்டைகள், 20 கிலோவுக்குள் சில கைப்பளுக்கள், தண்டால் எடுக்க 2 மீட்டர் விரிப்பு போதும். நடைச்சுவரை இடிக்காமல் அதில் ஒரு பக்கம் நெடுகக் கைப்பிடி போட்டால் பெரியவர்கள் நடப்பார்கள். பின் பால்கனியைச் சந்துப்பக்கம் சற்று அகலப்படுத்தி, வழுக்காத பலகை போட்டால் கோடையில் மூச்சுப்பயிற்சிக்கு இடமாகும். முன்பு விறகும் கரியும் வைத்த தகரக் கொட்டகைகளைத் தீப்பயத்தால் 1980களில் அகற்றிய பிறகு அந்தப் பின்பக்கத்துக்கு வெயில் வருகிறது. கீழ்த்தளக்காரருக்கு வான்கண்ணாடி வாய்க்காது. அவர் சமையலறையின் பின்கதவைக் கண்ணாடிக் கதவாக மாற்றி, அந்த ஒளிபடும் இடத்தில் விரிப்பைப் போட வேண்டும். குக்கர் விசிலடிக்கும் வரை பத்து நிமிடம் அங்கே நின்று உட்கார்ந்து எழுந்தால் யாரும் எந்தப் படியும் இறங்க வேண்டியதில்லை.