ஆலை வாயிலில் கடிகாரமும் கைபேசியும்

பணியிடத்தில் ஊழியர் கைபேசி பயன்படுத்துவதை வரையறுக்கும் விதிகள் கடந்த கால் நூற்றாண்டில் எழுந்தவைதாம் என்றாலும், அவற்றின் அடியில் கிடக்கும் வழக்கு ஆலைத்தொழில் தோன்றிய காலத்தியது. கூலி பெறும் மணிநேரத்தில் தொழிலாளி எந்தப் பொருளை உடன் வைத்திருக்கலாம், வெளியுலகோடு எவ்வளவு தொடர்பு கொள்ளலாம், அதை முடிவு செய்பவர் யார் என்பதே அந்த வழக்கு. நேரம் வீணாகிறது என்பதே இவ்விதிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் இவை எங்கெல்லாம் மிகக் கடுமையாக நடைமுறைக்கு வந்தன என்று பார்த்தால், அங்கெல்லாம் நேரத்தைவிடச் செய்தியே காக்கப்பட்டிருப்பதும், உள்ளே நடப்பது வெளியே போகாமலிருக்க வேண்டும் என்ற கவலையே மேலோங்கியிருப்பதும் தெரியவரும்.

கைபேசிக்கு முன்பு இந்த இடத்தில் இருந்த பொருள் கைக்கடிகாரம் அல்லது பைக்கடிகாரம். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன், காலமும் தொழில் ஒழுங்கும் பற்றி 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கான சான்றுகளைத் திரட்டியுள்ளார். வடகிழக்கு இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டையொட்டி நடந்த குரோலி இரும்புத் தொழிற்சாலையின் சட்டப் புத்தகம், வேலைநேரத்தைக் கணக்கிடும் கடிகாரத்தை வேறு எவரும் திருத்த முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்று அதன் கண்காணிப்பாளருக்கு ஆணையிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூற்பாலைகளில் நிலைமை இன்னும் மோசமானது. காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் முதலாளிகள் நிமிடங்களைத் திருடினர் என்றும், மணி தெரிந்தவன் என்று அறியப்படுவதே ஆபத்தாக இருந்ததால் தொழிலாளர்கள் கடிகாரம் கொண்டுவர அஞ்சினர் என்றும் டண்டி நகரத்து ஆலைச் சிறுவன் ஒருவனின் நினைவுக்குறிப்பு கூறுகிறது. 1844ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம், வேலைநேரத்தை ஆலைக் கடிகாரத்தால் அன்றி, ஆய்வாளர் ஏற்ற பொதுக் கடிகாரம் ஒன்றால் கணக்கிட வேண்டும் என்று விதித்ததற்கு இத்தகைய புகார்களும் ஒரு காரணமாகும். மான்செஸ்டரை அடுத்த டில்டெஸ்லி ஆலையின் அபராதப் பட்டியல் 1820களில் வெளியுலகுக்குத் தெரியவந்தபோது, வேலையின்போது சீட்டியடித்தால் ஒரு ஷில்லிங், சன்னலைத் திறந்து வைத்தால் ஒரு ஷில்லிங் என்று இருந்தது. சீட்டியடிப்பதால் நூல் அறுந்துவிடாது என்பதை அந்த முதலாளியும் அறிந்தே இருப்பார்.

சென்னையில் இந்த ஒழுங்குமுறை பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் வழியாக வேரூன்றியது. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே பெரம்பூர் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பொழுதை அளந்தன. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு. வி. க. போன்றோரின் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, மதிய உணவுக்கான அரைமணி இடைவேளையை நீட்டித் தர வேண்டும் என்பது அதன் முதல் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கூலி உயர்வைப் போலவே சில நிமிடங்களும் போராடிப் பெற வேண்டியவையாக இருந்தன.

1946 வரை ஆலை விதி என்பது நிர்வாகம் எழுதி ஒட்டும் ஒரு தாள் மட்டுமே. அதைத் திருத்தவோ எதிர்க்கவோ தொழிலாளிக்கு வழி இல்லை. இந்நிலையை மாற்றியது அவ்வாண்டுத் தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம். நிலையாணைகள் என்பவை, ஒரு நிறுவனத்தில் ஷிப்டு நேரம், வருகைப்பதிவு, விடுப்பு, ஒழுங்கீனம், அதற்கான தண்டனை ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் வகுத்துவைக்கும் விதித்தொகுப்பு ஆகும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்கள் இவற்றின் வரைவைச் சான்றளிக்கும் அலுவலரிடம், அதாவது தொழிலாளர் துறையின் அதிகாரியிடம், கொடுக்க வேண்டியிருந்தது. அவர் தொழிற்சங்கத்தின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே அதற்குச் சான்றளித்தார். விதி நியாயமானதா என்று ஆராயும் அதிகாரம் அவருக்கு 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கிடைத்தது. சான்று பெற்ற ஆணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளையாக இருந்தது. நிலையாணைகளில் இடம்பெற வேண்டியவை என்று சட்டத்தின் அட்டவணை குறிப்பிட்ட பொருள்களுள் ஒன்று, குறிப்பிட்ட வாயில் வழியே நுழைய வேண்டிய கடப்பாடும் சோதனைக்கு உட்பட வேண்டிய பொறுப்பும். இந்தச் சோதனை ஆலைச் சொத்து வெளியே போகாமல் தடுப்பதற்காக ஏற்பட்டது; ஆகவே அது பெரும்பாலும் வேலை முடிந்து வெளியேறும்போது நடந்தது. கைபேசி வந்த பின்பு தொழிலாளி உள்ளே நுழையும்போதே சோதிக்கப்படலானார், அதுவும் ஆலையின் சொத்துக்காக அன்றி அவருடைய சொந்தப் பொருளுக்காக. ஏட்டில் அதே சோதனைதான் என்றாலும் அதன் திசையும் நோக்கமும் தலைகீழாகிவிட்டன.

அலுவலகங்களின் கதை சற்று வேறு. அங்கே தொலைபேசி என்பது அலுவலகத்தின் உடைமை. அதன் செலவே கட்டுப்பாட்டின் காரணம். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த காலத்தில் சொந்த அழைப்புகளைப் பதிவேட்டில் எழுதி ஊழியரிடம் பணம் பெறும் வழக்கம் இருந்தது. பதிவு செய்யாமல் நேரடியாக வெளியூர் எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியபோது, கருவியின் சுழல்வட்டில் சிறு பூட்டுப் போடுவது அலுவலக மரபாயிற்று. அந்தப் பூட்டின் சாவி மேலாளரிடமோ தலைமை எழுத்தரிடமோ இருக்கும். வரும் அழைப்பை எடுக்கலாம், ஆனால் அழைக்க முடியாது. ஊழியரின் வீட்டிலிருந்து வரும் அழைப்புகூட வேறொருவர் மேசையில்தான் ஒலித்தது என்பதால், அவருடைய குடும்பச் செய்தி எதுவும் அலுவலகத்துக்குத் தெரியாமல் அவரை வந்தடைய இயலாதிருந்தது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு இந்தியாவில் கைபேசிச் சேவை தொடங்கியது. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாயைத் தாண்டிய கட்டணமும், வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டிய நிலையும் இருந்த அந்த ஆண்டுகளில் கைபேசிக்குத் தடை விதிக்கும் தேவை எழவில்லை, ஏனெனில் அதை வைத்திருந்தவர் முதலாளியே. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாகி, கருவிகளின் விலையும் சரிந்த பிறகு, ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் சட்டைப்பையில் அது இடம்பிடித்தது. அப்போதுதான் வாயிற்பலகைகளில் புதிய அறிவிப்புகள் தோன்றின.

இந்த அறிவிப்புகளுக்குச் சட்டப் பலம் எவ்வளவு என்ற கேள்வி எளிதில் தீரக்கூடியதாக இல்லை. நிலையாணைகளில் ஒழுங்கீனம் என்று எழுதப்படாத ஒரு செயலுக்காகத் தொழிலாளியைத் தண்டிக்க முடியாது என்று கிளாக்ஸோ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980களின் முற்பகுதியிலேயே தீர்ப்பளித்திருந்தது. எது குற்றம் என்பதைச் சம்பவம் நடந்த பிறகு நிர்வாகம் தீர்மானிக்க இடம் கொடுக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சான்று பெற்ற ஆணைகளில் கைபேசி என்ற பொருளே இல்லை. ஆகவே பல நிர்வாகங்கள் ‘பணியில் அசட்டை’, ‘மேலதிகாரியின் நியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை’ என்ற பழைய தலைப்புகளின்கீழ்க் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது தொழிலாளர் பேச்சில் ‘மெமோ’, கொடுத்து உள்விசாரணை நடத்தின. நிலையாணையைத் திருத்திக் கைபேசி விதியைச் சேர்ப்பதே நேர்வழி; ஆனால் அதற்குச் சங்கத்தோடு அதிகாரியின் முன் அமர்ந்து வாதாட வேண்டும். நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நூறு என்ற வரம்பை முந்நூறாக உயர்த்தியதால், நடுத்தர ஆலைகள் பலவற்றில் இந்த வாதத்துக்கான மேடையே இல்லாமற்போனது.

பாதுகாப்பை முன்னிட்ட தடையை மறுப்பார் எவரும் இலர். லாஸ் ஏஞ்சலஸ் அருகே சாட்ஸ்வொர்த்தில் 2008 செப்டம்பர் 12 அன்று பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். சில விநாடிகளுக்கு முன்புவரை ஓட்டுநர் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. அவருடைய நிறுவனம் ஏற்கெனவே அதைத் தடை செய்திருந்தது. அடுத்த மாதமே அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ரயில்வே நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்து அதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. ஜெர்மனியின் பாட் ஐப்ளிங்கில் 2016 பிப்ரவரியில் 12 பேர் இறந்த மோதலில், கைபேசி விளையாட்டில் ஆழ்ந்திருந்தவர் சைகைக் கட்டுப்பாட்டாளர். ஆனால் 2013 ஜூலையில் ஸ்பெயினின் சாந்தியாகோ அருகே ஏறத்தாழ 80 பேரைப் பலிகொண்ட விபத்து, விதி வகுப்போரைச் சங்கடத்தில் ஆழ்த்துவது. வளைவை நெருங்கிய ஓட்டுநர் அப்போது பேசியது அதே ரயிலின் பணியாளர் ஒருவருடன், பணி தொடர்பாக, நிறுவனக் கைபேசியில். சொந்த அழைப்பு கூடாது, அலுவல் அழைப்பு ஆகலாம் என்று பிரிக்கும் விதிகள் கவனச்சிதறலைத் தடுப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல என்பதை இந்த ஒரு நிகழ்வே காட்டிவிடும்.

தகவல் காப்பு என்னும் காரணம் வேறு வகையான கடுமையைக் கொண்டுவந்தது. 2005இல் புனேயில் ஒரு கால் சென்டரின் ஊழியர்கள் அமெரிக்க வங்கி வாடிக்கையாளரின் ரகசிய எண்களைப் பெற்றுப் பணத்தை மாற்றிய மோசடி வெளிவந்தபோது, நாட்டின் அயல்பணித் துறை முழுவதும் அதிர்ந்தது. பேனாவும் தாளும்கூட உள்ளே கொண்டுபோகத் தடைவிதித்து, கைபேசியை லாக்கரில் வைக்கச் செய்யும் வழக்கம் அத்துறையில் உறுதிப்பட்டது. புனே ஊழியர்கள் அந்த எண்களை மனப்பாடம் செய்தே வெளியே கொண்டுபோயினர் என்பது காவலர்களின் சோதனைக்கு எட்டாத விஷயம். கைபேசியில் கேமரா வந்த பிறகு வாகன, மின்னணு ஆலைகளின் வாயிலில் லென்சின்மீது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் முறையும் தோன்றியது.

இவற்றையெல்லாம்விடக் கடுமையான விதி, எந்த வணிக ரகசியமும் இல்லாத இடத்தில் நிலவியது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை ஆலை விடுதிகளில் தங்கவைத்து வேலை வாங்கின. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு அமைப்பும் அந்நாட்டிலேயே இயங்கிய இந்தியக் குழு என்ற அமைப்பும் சேர்ந்து 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள், விடுதிகளில் கைபேசி மறுக்கப்பட்டதையும், பெற்றோருடன் பேசுவதுகூடக் கண்காணிப்பின்கீழ் நடந்ததையும் பதிவு செய்துள்ளன. ஷிப்டு முடிந்து உறங்கும் வேளையிலும் தொடரும் இந்தத் தடையைப் பணிநேர விதி என்று அழைக்க வழியில்லை. உற்பத்தி கெடும் என்ற வாதமும் இங்கே செல்லாது. சங்கத்தாரோ உறவினரோ அவர்களை எட்டக்கூடாது என்பதைத் தவிர வேறு பயன் இத்தடைக்கு இருந்ததாகக் கூற இயலாது.

அரசு அலுவலகங்களில் இந்த விவாதம் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கூர்மை பெற்றது. சக ஊழியர்களைக் கைபேசியில் படம் பிடித்ததாகப் பணியிடைநீக்கம் செய்யப்பட்ட திருச்சி சுகாதாரத் துறை ஊழியர் தொடர்ந்த வழக்கில், அலுவலக நேரத்தில் சொந்த வேலைக்காகக் கைபேசியைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம் அன்று என்றும், அவசர அழைப்பு வந்தால் மேலதிகாரியின் அனுமதியுடன் வெளியே சென்று பேச வேண்டும் என்றும் நீதிபதி எஸ். எம். சுப்பிரமணியம் கூறி, 1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளையொட்டி நெறிமுறை வகுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டார். அப்போது துறைகளின் அன்றாட உத்தரவுகள் பல வாட்ஸ்அப் குழுக்களின் வழியாகவே கீழிறங்கிக்கொண்டிருந்தன என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும்.

கைபேசிக்கான தடை, அதை வைத்திருக்க வேண்டிய கட்டாயமாக மாறியதும் இதே காலகட்டத்தில்தான். 2020 மே 1 அன்று வெளியான உள்துறை அமைச்சகத்தின் ஆணை, அரசு, தனியார் ஊழியர் அனைவரும் கைபேசியில் ‘ஆரோக்கிய சேது’ செயலியை வைத்திருக்க வேண்டும் என்றும், அதற்கு நிறுவனத் தலைவர்களே பொறுப்பு என்றும் கூறியது. இரு வாரங்களில் ‘இயன்றவரை’ என்று அது தளர்த்தப்பட்டது. வேலைநேரத்துக்குப் பின்னும் கைபேசி வழியே வேலை தொடர்வதைக் கண்டு, அழைப்புக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இதே உரிமைக்காக 2018இல் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

நூறு நாள் வேலைத் திட்டம் என்று ஊரகங்களில் அறியப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவே கைபேசிக்குள் சென்றது. பணித்தளப் பொறுப்பாளர் நாள்தோறும் இருமுறை தொழிலாளரைப் படம் எடுத்து, இடமும் நேரமும் பதிவாகும்படி செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத தளங்களில் படம் ஏறாமல், வேலை செய்தும் கூலி இழந்ததாகத் தொழிலாளர் அமைப்புகள் புகார் கூறின. வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே மறுபடி படம் பிடித்தவையும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் ஒப்புக்கொண்டு, ஏற்றப்படும் படங்களை ஊராட்சி அளவில் ஆள்வைத்துச் சரிபார்க்குமாறு உத்தரவிட்டது.