செக்ரோலில் ஒரு பெயர், லயத்தில் ஒரு பெயர்: மலைத்தோட்டப் புனைவில் பாத்திரங்களுக்குப் பெயரிடுதல்

தஞ்சாவூரைக் களமாக்கிக் கதை எழுதுகிறவர் பாத்திரத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு மேலே போகலாம். ஏலப்பாறையைக் களமாக்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிக்கு லயத்தில், அதாவது குடியிருப்பு வரிசையில், வழங்கும் பெயர் ஒன்று. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் பேரேட்டில், ஏறிய பெயர் மற்றொன்று. மலையாளம் பேசும் கடைத்தெருவும் அலுவலகமும் கூப்பிடும் பெயர் வேறொன்று. பாத்திரப் பெயர்களைப் பற்றி நம் விமர்சனம் பேசியதெல்லாம் பெரும்பாலும் பொருத்தம் பற்றியே: சாதிக்குப் பொருந்துகிறதா, காலத்துக்குப் பொருந்துகிறதா, குணத்தைச் சுட்டுகிறதா. மலைத்தோட்டப் புனைவுக்கு இந்த அளவுகோல் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒருவருக்கு வழங்கும் பல பெயர்களில் எதைக் கதைசொல்லி தன் வாயில் எடுத்துக்கொள்கிறான் என்பதில்தான் அந்தப் படைப்பு யார் பக்கம் நிற்கிறது என்பது தெரிகிறது.

முதலில் மண்ணின் கதை. 1860களில் ஜே.டி. மன்றோ போன்ற ஐரோப்பியர்கள் பீர்மேட்டு மலைகளில் காப்பித் தோட்டம் போட்டார்கள். இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். குலசாமி ஊரிலேயே நின்றுவிட்டது. அதன் பெயர் மட்டும் ஆட்களோடு மலையேறியது. ஆகவே ஒரு லயத்தில் மாடசாமி, இசக்கி, சுடலைமுத்து என்ற பெயர்கள் கேட்டால் நெல்லைச் சீமையையும், விருமாயி, ஒச்சம்மாள் என்று கேட்டால் உசிலம்பட்டிப் பக்கத்தையும் ஊகிக்கலாம். எந்தக் கங்காணி எந்தக் கணவாய் வழியாகக் கூட்டிவந்தான் என்பதுவரை பெயர் காட்டிக்கொடுக்கும். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தொழிலாளரின் பெயர்கள் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் மலையாள எழுத்தில் பதிவாயின.

இங்கே ஒரு பெயரை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: பாண்டி. மதுரை, தேனி மாவட்டங்களில் பாண்டி கோயில் முனியாண்டியை வேண்டிப் பிள்ளைக்கு வைக்கும் செல்லமான பெயர் இது. குமுளிக்கு அந்தப் பக்கம் அதே சொல் தமிழனை இளக்காரமாகக் குறிக்கும். ஏலப்பாறைச் சந்தையில் ஒருவன் ‘பாண்டி’ என்று கூப்பிட்டால் அது பெயரா வசவா என்பதைக் கூப்பிட்ட வாயும் குரலும்தான் சொல்லும். தாய் வாயிலும் கடைக்காரர் வாயிலும் ஒரே எழுத்துகள்தாம். நாவலாசிரியர் இந்த வாய்ப்பைத் தவறவிட்டுத் தம் நாயகனுக்குக் கதிரவன் என்று பெயரிட்டால், பெயர் அழகாக இருக்கும். மலை காணாமல் போய்விடும்.

பெயரிடுதலுக்கு இவ்வளவு கனம் தருவது புதுமை அன்று. தொல்காப்பியம் அகத்திணைக்கு வகுத்த விதிகளில் ஒன்று, காதலரை இயற்பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது. பெயர் வந்துவிட்டால் பாட்டு புறமாகிவிடும். நெடுநல்வாடையில் தலைவன் பெயர்கூட வருவதில்லை. வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனை அடையாளம் காட்டிவிட்டது என்பதற்காகவே நச்சினார்க்கினியர் அதைப் புறமென்று கொண்டார். பெயர் ஒருவரை வரலாற்றுக்குள் இழுத்துவிடும் என்பது இதன் உட்கிடை. தோட்டத் துரைக்கும் ஒருவகையில் இது தெரிந்திருந்தது. அவர் தம் ஆட்களைப் பெயரில்லாமல், கூலி என்ற ஒரே சொல்லால் அழைத்தார். அகப்பாட்டில் பெயரின்மை எவரும் அந்தத் தலைவியாகலாம் என்ற கண்ணியத்தைத் தந்தது. தோட்டத்தில் எவரையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கைத் தந்தது.

தமிழில் தோட்டக் கதைகள் இந்தக் கணக்கை எப்படி எதிர்கொண்டன? புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் பெயர் மருதி. தோட்டம் அவளை என்னவாக ஆக்கினாலும் கதைசொல்லி அவளை மருதி என்றே சொல்கிறார். எளிய முடிவுபோலத் தெரியும். ஆனால் பேரேட்டுக்கு எதிரான சாட்சியம் அதுதான்.

வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதன் மையத் தம்பதி கருப்பனும் வள்ளியும். வள்ளி என்ற தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். புராணத்து வள்ளி மலையிலே பிறந்து தினைப்புனம் காத்தவள், மலை அவளுடையது. நாவலின் வள்ளி சமவெளியிலிருந்து கொண்டுபோய் நிறுத்தப்பட்டவள், அவள் பறிக்கும் கொழுந்தில் ஒன்றும் அவளுடையதில்லை. ஆசிரியர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, பெயரே நாவலின் கசப்பைப் பேசுகிறது. கருப்பன் விஷயம் வேறு. ஆங்கில வாசகருக்கு அது ஒரு ஆளின் பெயர். தமிழில் அது நூறு பேரின் பெயர். பேரேட்டில் ‘மூக்கன் மகன்’ என்று சேர்த்தால்தான் ஆள் பிடிபடும். மாதிரி மனிதனாக்கும் அவசரத்தில் நாவல் துரையின் பார்வைக்குச் சற்று அருகே போய்விடுகிறது.

அந்த நாவலைத் தழுவி 2013இல் பாலா எடுத்த ‘பரதேசி’யில் கருப்பன் இல்லை; ராசா இருக்கிறான். ஊரார் அவனைக் கூப்பிடுவதோ ஒட்டுப்பொறுக்கி என்று. இங்கே பெயரிடுதல் நாடகமாகிறது: அரசன் என்று ஒரு பெயர், எச்சிலுக்கு அலைகிறவன் என்று ஒரு பெயர், இரண்டும் ஒரே உடம்புக்கு. இழிபெயர் தோட்டத்தில் பிறந்ததல்ல, சொந்த ஊரிலேயே ஒட்டியது. சூத்திரனுக்கு இழிவு தொனிக்கும் பெயர் இடவேண்டும் என்ற மனுவின் விதி வாழ்ந்த ஊர்கள் அவை. பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யில் ஆட்டுக்காரச் சிறுவனைக் கூளையன் என்றே கடைசிவரை சொல்வதும் இதனால்தான். கௌரவமான பெயர் கொடுத்துக் காப்பாற்ற நினைக்கும் எழுத்தாளர், நடந்த அவமானத்தைச் சேர்த்தே மறைத்துவிடுவார்.

ஏலமலைக்கு மிக நெருக்கமான சான்று லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). தேனிக்கும் இடுக்கிக்கும் இடையே ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, தொழிற்சங்கத் தோழர் சாக்கோ. யாக்கோபுதான் சாக்கோ, ஆனால் யாக்கோபு என்றால் தமிழ்க் கிறித்தவர், சாக்கோ என்றால் சிரியன் கிறித்தவ மரபு. யோசேப்பும் அப்படியே: சூசை, யோசேப்பு, ஔசேப்பு என்று மூன்று சபைகளும் இரண்டு மொழிகளும் ஒரே புனிதரைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. சாக்கோ என்ற மூன்றெழுத்தில் மொழி, சபை, ஓரளவு நிலவுரிமையின் வரலாறுகூட அடங்கிவிடுவதால் படம் அவரை அறிமுகப்படுத்த வசனம் தேடவேண்டியதில்லை.

மறுப்பு ஒன்று எழும். இப்படிப் பெயருக்குள் ஊரையும் சாதியையும் சபையையும் திணித்தால் பாத்திரம் சமூகவியல் மாதிரியாகிவிடாதா? நகுலனின் சுசீலாவைக் காட்டலாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து எழுதிய டி.கே. துரைசுவாமி தமக்கே நகுலன் என்று பெயர் சூட்டிக்கொண்டவர். அவருடைய சுசீலாவுக்கு ஊர் இல்லை, வீட்டுப்பெயர் இல்லை, அவள் இருக்கிறாளா என்பதே நிச்சயமில்லை. அந்த வகை எழுத்துக்கு அது சரி. ஆனால் பெயர் தப்பானால் சான்றிதழ் கிடைக்காத இடத்தில் அந்தச் சுதந்திரம் எழுத்தாளருக்கு மட்டுமே உரியது. இடுக்கியின் தமிழ்த் தலித் குடும்பங்கள் சாதிச் சான்றுக்காக, 1950க்கு முன்பே தங்கள் மூத்தோர் இங்கிருந்ததை நிறுவ அல்லாடுகின்றன. தாத்தா பழைய ஏட்டில் ஒரு பெயரிலும் பிறகு வேறொரு பெயரிலும் இருந்தால் பேரன் இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டும். நாவலுக்கு இதைவிட நல்ல கதைமுடிச்சு என்ன வேண்டும்?

உண்மை வாழ்க்கை எழுத்தாளர்களைவிடத் துணிச்சலாகப் பெயர் வைக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டத்தில் முன்னின்றவர்களாக நாளிதழ்கள் எழுதிய பெயர்கள்: லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன். கோமதி சங்கரன்கோயில் அம்மன் பெயர், அகஸ்டின் புனிதர் பெயர். இரண்டும் ஒருவரிடம் இயல்பாகச் சேர்ந்திருக்கின்றன. புனைவில் யாராவது இப்படி வைத்தால் செயற்கை என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள்.  இயக்கத்தைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வள்ளி–கருப்பன் வாய்ப்பாட்டால் இந்த மலையை இனி எழுத முடியாது.

அடுத்த தலைமுறைக்கு வரும்போது சிக்கல் கூடுகிறது. மாடசாமியின் பேரன் பெயர் ஷிஜுவாகவோ பினுவாகவோ இருக்கலாம். இதைக் கேட்டுத் தயங்கி அவனுக்குத் தமிழ்ச்செல்வன் என்று பெயரிடும் நாவலாசிரியர் ஏலப்பாறையை மதுரையில் உட்கார்ந்து எழுதுகிறார் என்றே கொள்ளவேண்டும். தமிழ்நாட்டு வழக்கில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கேரளத்துப் பள்ளி ஏட்டில் பெரும்பாலும் பின்னால் போய்விடும். ஷிஜுவுக்கு அந்த எழுத்து முன்னாலா, பின்னாலா? வீட்டில் பாட்டி அவனை மாடசாமி என்றே கூப்பிடக்கூடும், இறந்த கணவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘பெரியவனே’ என்று சுற்றிவளைப்பாள். கதைசொல்லி இவற்றில் ஒன்றைத் தேர்ந்து முதல் வாக்கியத்தில் எழுதியாகவேண்டும். பாட்டி பேசும் அத்தியாயத்தில் அதை மாற்றவும் வேண்டும்.