ஒரு பிரதிக்ஞையின் பூர்வோத்தரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பள்ளிக்கூடங்களில் காலை மணி அடித்ததும் குழந்தைகள் எழுந்து நின்று, வலக்கையை நெஞ்சின்மேல் வைத்து, வகுப்பறையின் மூலையில் நிற்கும் கொடியைப் பார்த்து ஒரே குரலில் ஒப்பிக்கிற விசுவாசப் பிரதிக்ஞையை, அந்நாடு பிறந்த அன்றே அதனோடு பிறந்த வேதவாக்கியம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாஷிங்டனும் ஜெபர்ஸனும் அதைக் கேட்டதில்லை, லிங்கன் கேட்டதில்லை, அவர் காலத்து உள்நாட்டுப் போரில் மாண்ட லட்சக்கணக்கான சிப்பாய்களில் ஒருவனும் அதை உச்சரித்தவன் இல்லை. அது பிறந்தது 1892-ஆம் ஆண்டில். பிறந்த இடம் பாஸ்டன் நகரத்தில் ஒரு வாரப் பத்திரிகையின் காரியாலயம்.

'யூத்ஸ் கம்பானியன்' என்ற அந்தப் பத்திரிகை குடும்பத்தார் அனைவரும் படிப்பதற்கென்று நடந்தது. ஐந்து லட்சம் பிரதிகளுக்குக் குறையாமல் விற்றது. சந்தாதாரர்களைப் பிடித்துத் தருகிறவர்களுக்குச் சாமான்களைப் பரிசாகக் கொடுப்பது அதன் வியாபார ரகசியம். அந்தப் பரிசு இலாகாவைக் கவனித்துவந்த ஜேம்ஸ் அப்ஹாம் என்பவருக்கு, ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் கூரைமேலும் தேசக் கொடி பறக்கவேண்டும் என்ற ஆவல் உண்டாயிற்று. ஆவல் மெய்யானதுதான்; அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது பரிசு இலாகாக்காரரின் ஆவலாகையால் அதற்கு ஒரு வழியும் கூடவே பிறந்தது. கேட்கிற பள்ளிகளுக்கெல்லாம் நூறு அட்டைகளைப் பத்திரிகை இனாமாக அனுப்பும். குழந்தைகள் அவற்றை வீடு வீடாக எடுத்துச் சென்று, ஒன்று பத்து சென்ட் என்று விற்கவேண்டும். சேர்ந்த பத்து டாலரைப் பத்திரிகைக்கு அனுப்பினால் கொடி வரும். அட்டையை வாங்கினவருக்கு என்ன லாபம் என்றால், பள்ளிக்கொடி பரப்பப்போகும் தேசபக்தியில் நூற்றில் ஒரு பங்கு அவருக்குச் சொந்தம் என்று அந்த அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. தேசபக்திக்குப் பங்குப் பத்திரம் வெளியிட்டவர்கள் உலகத்தில் அதற்கு முன்பு வேறு யாரும் இருந்ததாக நான் படித்ததில்லை.

கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் இறங்கி நானூறு ஆண்டு நிறைவதை ஒட்டி, 1892 அக்டோபரில் நாடெங்கும் பள்ளிகளில் ஒரே நாளில் கொடியேற்று விழா நடத்தலாம் என்று அப்ஹாமும் அவருடைய சகாக்களும் ஏற்பாடு செய்தார்கள். ஹாரிஸன் ஜனாதிபதி அதற்கு ஓர் அறிக்கையே வெளியிட்டார். விழாவில் குழந்தைகள் கொடியை வணங்கிச் சொல்வதற்குச் சில வார்த்தைகள் வேண்டியிருந்தன. அவற்றை எழுதுகிற பொறுப்பு, பத்திரிகையில் சேர்ந்து அதிக நாள் ஆகாத பிரான்ஸிஸ் பெல்லமி என்ற பாதிரியாரிடம் வந்தது. அவர் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். ஏழைகளின் பக்கம் நின்று சமதர்மத்தைப் பிரசங்கித்தவர். முந்தின ஆண்டுதான் தம் ஆலயப் பொறுப்பை விட்டு விலகியிருந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவம், சகோதரத்துவம் என்ற இரண்டு சொற்களையும் பிரதிக்ஞையில் சேர்க்க அவருக்கு ஆசை இருந்ததாம். ஆனால் பெண்களும் நீக்ரோக்களும் சமம் என்ற பேச்சைப் பல மாகாணங்களின் கல்வி அதிகாரிகள் சகிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பிரிக்கவொண்ணாத ஒரே தேசம், எல்லோருக்கும் சுதந்தரம், எல்லோருக்கும் நீதி என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்பதை அவரவர் ஊர் வழக்கத்துக்கு விட்டுவிட்டார் போலும்.

இன்னொன்று கவனிக்கவேண்டும். எழுதியவர் தீட்சை பெற்ற பாதிரியார். எழுதிய பிரதிக்ஞையிலோ கடவுளின் பெயர் இல்லை. அது வேண்டும் என்று அன்று யாரும் கேட்கவுமில்லை.

வணங்கும் முறையும் பத்திரிகையிலேயே அச்சாயிற்று. முதலில் சிப்பாயைப்போல நெற்றியில் கை வைக்கவேண்டும். கொடி என்ற சொல் வரும்போது உள்ளங்கை மேல்நோக்க வலக்கையைக் கொடியை நோக்கி நீட்டவேண்டும். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து உறுதிமொழியில், வெயிலில் வரிசையாக நின்று, முன்னால் நிற்பவன் தோளில் இடிக்காமல் கையை நீட்டிக்கொண்டு, உறுதிமொழி முடிவதற்குள் கை வலித்து மெல்ல இறங்க, வாத்தியார் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் நாளாக ஆக உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பிற்று. பிறகு ஜெர்மனியில் வேறு ஒரு கும்பலும் அதே மாதிரி கை நீட்டத் தொடங்கவே, பார்த்தவர்களுக்குச் சங்கடமாயிற்று. கடைசியில் 1942 டிசம்பரில் காங்கிரஸ் சபை, இனிக் கை நெஞ்சின்மேல் இருக்கட்டும் என்று சட்டம் செய்தது.

இடையில் வார்த்தைகளும் மாறின. 'என் கொடி' என்று பெல்லமி எழுதியிருந்தார். கப்பல் கப்பலாக வந்து இறங்கும் இத்தாலியனும் போலந்துக்காரனும் 'என் கொடி' என்று வாயால் சொல்லிவிட்டு மனத்தில் தன் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற சந்தேகம் முதல் உலக யுத்தத்துக்குப் பின் சிலருக்கு வந்துவிட்டது. 1923-லும் 1924-லும் கூடிய கொடி மாநாடுகள், 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி' என்று விலாசத்தைப் பூர்த்தி செய்தன. மனத்துக்குள் இருப்பதை வார்த்தையைக் கூட்டிப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இந்தப் பிரதிக்ஞையின் சரித்திரத்தில் முதல் தடவையாகத் தலைகாட்டியது அப்போதுதான்.

பென்ஸில்வேனியா மாகாணத்தில் மைனர்ஸ்வில் என்பது நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் சிற்றூர். அங்கே 1935-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயக் குழுவைச் சேர்ந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் மகளும் மகனும் கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்தார்கள். ஜெர்மனியில் அதே குழுவினர் ஹிட்லருக்குக் கைநீட்ட மாட்டோம் என்று சொல்லிச் சிறைக்கும் சித்திரவதை முகாமுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. பத்து வயதான அந்தச் சிறுவன் பள்ளி நிர்வாகிகளுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினான். நாட்டை அவமதிப்பதற்காக அல்ல, நாட்டை நேசிக்கிறேன், ஆனால் கடவுளை அதைவிட நேசிக்கிறேன் என்ற கருத்தில், யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி எழுதினான். வேறு தேவர்கள் கூடாது, உருவங்களை வணங்கக் கூடாது என்ற கட்டளைகள் அந்த அதிகாரத்தில்தான் உள்ளன. கிறிஸ்தவ தேசம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு நாட்டில், கிறிஸ்தவ வேதத்தைப் படித்து அதன்படி நடந்த குற்றத்துக்காக இரண்டு குழந்தைகளும் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிரான்ஸ் தேசம் ஹிட்லரின் படைகளிடம் வீழ்ந்துகொண்டிருந்த 1940 ஜூன் மாதம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டும் மறுபக்கமுமாக, பள்ளி நிர்வாகம் செய்தது சரியே என்று தீர்ப்பாயிற்று. எழுதியவர் பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். வியன்னாவிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்து குடியேறிய யூதர். தேச ஒற்றுமையே தேசப் பாதுகாப்பின் அஸ்திவாரம் என்று மனப்பூர்வமாக நம்பியவர். தீர்ப்பின் நுட்பமெல்லாம் தெருவுக்கு வந்து சேரவில்லை. சாட்சிகள் தேசத் துரோகிகள் என்ற அர்த்தம் மட்டும் வந்து சேர்ந்தது. மெய்ன் மாகாணத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய கூடம் ஒரு வாரத்துக்குள் தீக்கிரையாயிற்று. மேற்கு வர்ஜீனியாவில் ரிச்வுட் என்ற ஊருக்கு வந்திருந்த சாட்சிகள் சிலரை உதவி ஷெரீப் ஒருவரும் அவர் கூட்டாளிகளும் பிடித்துவைத்து, விளக்கெண்ணெயை வாயில் ஊற்றிக் குடிக்கச் செய்து, கையைக் கயிற்றால் பிணைத்து, கடைத்தெரு வழியே நடத்திச் சென்று தபாலாபீஸ் கொடிமரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். வயிற்றைப் பிசைந்துகொண்டு அந்த மனிதர்கள் அங்கே நிற்க, சுற்றி நின்றவர்கள் சுதந்தரமும் நீதியும் எல்லோருக்கும் என்று முடிகிற அந்தப் பிரதிக்ஞையைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தது கொடி. அந்த ஒரு வருஷத்தில் 335 ஊர்களில் ஏறக்குறைய 1,500 பேர் இவ்வாறு தாக்கப்பட்டதாக அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம் கணக்கெடுத்தது.

மூன்றே ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். 1943-இல், கொடி நாளான ஜூன் 14-ஆம் தேதியன்றே, எந்த அதிகாரியும் ஒரு குடிமகனின் வாயிலிருந்து விசுவாசத்தைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது என்ற கருத்தில் ராபர்ட் ஜாக்ஸன் எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. நாற்பது ஆண்டு கழித்துக் கேரளத்தில் இதே குழுவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் வாய் திறந்து பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, 1986-இல் நம் உச்ச நீதிமன்றத்தில் சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்கத் தீர்ப்பை எடுத்து ஆராய்ந்து குழந்தைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

இனி ஜனாதிபதி ஐசனோவர் காலத்துக்கு வருவோம். ருஷ்யாவுடன் மறைமுக யுத்தம் நடந்துகொண்டிருந்தது, அவர்கள் நாஸ்திகர்கள், ஆகவே நாம் ஆஸ்திகர்கள் என்பதை ஊரறியக் காட்டவேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் பரவியிருந்தது. 1953 ஜனவரியில் அவர் பதவியேற்ற ஊர்வலத்தின் முன்னால், கடைசி நேரத்தில் அவசரமாக ஜோடிக்கப்பட்ட ஓர் அலங்கார ஊர்தி, கடவுளின் ஊர்தி என்ற பெயரோடு நகர்ந்து சென்றது. எந்த மதத்தாருக்கும் மனஸ்தாபம் வரக்கூடாது என்று, இன்ன மதத்தின் ஆலயம் என்று சொல்லமுடியாத ஒரு கட்டடத்தை அதில் அமைத்திருந்தார்களாம். நம் ஊர்த் தேர் அசைந்து அசைந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனாலும் உள்ளே இருப்பது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது. பதவியேற்றுப் பன்னிரண்டு நாள் சென்று ஐசனோவர் ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேர்ந்தார். பதவியில் இருக்கும்போது ஞானஸ்நானம் பெற்ற ஜனாதிபதி அவர் ஒருவரே. அந்த வாரத்திலேயே அரசியல்வாதிகள் ஒன்றுகூடி ஜபம் செய்து சிற்றுண்டி அருந்தும் வருடாந்தரச் சம்பிரதாயமும் தொடங்கிற்று.

1954 பிப்ரவரி 7-ஆம் தேதி, லிங்கன் நினைவு ஞாயிறு, வாஷிங்டனில் லிங்கன் தொழுத ஆலயத்தில், அவர் அமர்ந்த அதே ஆசனத்தில் ஐசனோவர் உட்கார்ந்திருக்க, கிளாஸ்கோவிலிருந்து வந்த ஜார்ஜ் டோகெர்ட்டி என்ற போதகர் பிரசங்கம் செய்தார். பள்ளியில் தம் மகன் சொல்லும் பிரதிக்ஞையைக் கேட்டாராம். கொடியின் பெயரை மாற்றிவிட்டால் மாஸ்கோக் குழந்தைகள்கூட அரிவாள் சுத்தியலுக்கு முன் நின்று அதைச் சொல்லலாமே என்று தோன்றிற்றாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பிரசங்கத்தை அவர் செய்தபோது காதில் வாங்கினவர் இல்லை. மிச்சிகன் பிரதிநிதி ஒருவர் முந்தின ஆண்டே கொண்டுவந்த மசோதாவும் தூங்கிக்கிடந்தது. ஜனாதிபதி கேட்டுத் தலையசைத்த பிறகு எல்லோருக்கும் காது கேட்டது. நான்கே மாதங்களில், மறுபடியும் ஒரு ஜூன் 14-ஆம் தேதியில், 'கடவுளின் கீழ்' என்ற சொற்களைப் பிரதிக்ஞையில் சேர்க்கும் சட்டத்தில் ஐசனோவர் கையெழுத்திட்டார். சட்டசபை மாளிகையின் படிக்கட்டில் கொடி ஏற, எக்காளத்தில் ஒரு கிறிஸ்தவப் போர்ப் பாட்டு முழங்கிற்று.

ஐசனோவரின் தாயார் ஐடா, கான்ஸஸ் மாகாணத்தில் அபிலீன் என்ற ஊரில் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். பின்னாளில் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர் பெற்ற அதே குழுவில் பல்லாண்டு ஊன்றி நின்றவர். அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே அக்குழுவின் வேத வாசிப்புக் கூட்டங்கள் நடந்தன. சிறுவன் ஐசனோவர் அந்தக் கூட்டங்களுக்கு நடுவேதான் வளர்ந்தான். அம்மா 1946-இல் காலமானார். அதற்கு ஆறு ஆண்டு முன்பு அவருடைய சகவிசுவாசிகளின் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றப்பட்டது எந்தக் கொடிக்காகவோ, அந்தக் கொடியின் பிரதிக்ஞையில் எந்தக் கடவுளுக்காக அவர்கள் அதைச் சொல்ல மறுத்தார்களோ, அந்தக் கடவுளின் பெயரை மகன் ஏற்றிவைத்தார். இந்தப் பொருத்தத்தை அன்றைய பத்திரிகைகள் பெரிதுபடுத்தவில்லை. அவருடைய பக்தி வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவின் ஞாபகம் அவருக்கு இருந்திராது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் மனத்தில் இருந்த சமயத்துக்கும் மேடையில் வைத்த சமயத்துக்கும் நடுவே அவர் வைத்திருந்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குக் கிடைக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, ஜனாதிபதியாக இருந்த தியோடோர் ரூஸ்வெல்ட் 1907-இல் தங்க நாணயத்திலிருந்து கடவுளின் பெயரை எடுக்கச் செய்து, காசில் அவரை அச்சடிப்பது ஏறக்குறையத் தெய்வ நிந்தனை என்று வாதாடினார். மறு வருஷமே காங்கிரஸ் அதைத் திரும்பப் போடவைத்துவிட்டது.

குழந்தைகள் தொண்ணூற்றாறு ஆண்டு சொல்லிவந்த இந்தப் பிரதிக்ஞையைப் பிரதிநிதிகள் சபையார் தங்கள் சபையில் தினமும் சொல்லத் தொடங்கியது எப்போது தெரியுமா? 1988 செப்டம்பரில். மாஸசூஸெட்ஸ் கவர்னர் டுகாகிஸ், வாத்தியார்கள் பிரதிக்ஞையைக் கட்டாயம் நடத்தவேண்டும் என்ற மசோதாவை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அது மாறானது என்ற சட்ட ஆலோசனையின்பேரில் 1977-இல் நிராகரித்திருந்தார். பதினொரு வருஷம் கழித்து அவர் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது எதிராளி ஜார்ஜ் புஷ் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் பிரதிக்ஞையைச் சொல்லி, நியூ ஜெர்ஸியில் ஒரு கொடித் தொழிற்சாலைக்கும் போய்வந்தார். தேர்தல் ஜுரத்தில் சபைக்கும் பக்தி வந்தது. செனட் சபைக்கு அது வர இன்னும் பதினொரு வருஷம் பிடித்தது. 2002 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்த அன்று மாலையே பிரதிநிதிகள் படிக்கட்டில் கூடிப் பிரதிக்ஞையைச் சொன்னார்கள். செனட் 99-க்குப் பூஜ்யம் என்று தீர்ப்பைக் கண்டித்தது.

2024 மார்ச்சில், புனித வாரத்தில், அப்போது முன்னாள் ஜனாதிபதியும் மீண்டும் வேட்பாளருமாக இருந்த டொனால்ட் டிரம்ப் ஒரு பைபிளை வாங்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். விலை 59 டாலர் 99 சென்ட். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாட்டோடு அரசியல் சட்டமும், சுதந்தரப் பிரகடனமும், ஒரு தேசபக்திப் பாட்டின் பல்லவியும், பெல்லமியின் பிரதிக்ஞையும் அதில் கட்டப்பட்டிருந்தன. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பிரதிகள் சீனாவில் அச்சாகி மூன்று டாலருக்கும் குறைந்த அடக்க விலையில் கப்பலேறியதாகச் செய்தி நிறுவனம் ஒன்று சுங்கப் பதிவேடுகளைப் பார்த்து எழுதிற்று. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பிரதிக்ஞை இருக்கிறது. முன்பக்கங்களைப் புரட்டினால், மைனர்ஸ்வில் சிறுவன் பள்ளி நிர்வாகிகளுக்கு எடுத்துக்காட்டிய யாத்திராகமம் இருபதாம் அதிகாரமும் அதே அட்டைக்குள் இருக்கிறது.