மின்கலம் வளர்த்த கூட்டறிவு

கைப்பேசியில் இருக்கிறது, காதுக் கருவியில் இருக்கிறது, புகை கக்காமல் ஓடும் காரிலும் பேருந்திலும் இருக்கிறது. பாட்டரி என்று அன்றாடம் நாம் அழைக்கும் மின்கலம்! அதை ஆக்கித் தந்தவர் யார் என்று கேட்டால், ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிடும் பழக்கம் உலகில் உண்டு. மேதை ஒருவன் பிறந்தான், ஓரிரவில் கண்டான், உலகம் உய்ந்தது என்று கதை கட்டுவது எளிது, கேட்பதற்கும் இனிது. வரலாறோ வேறு கூறுகிறது. பலர் கூடியும் பலர் மோதியும், நாட்டெல்லை தாண்டிக் கைமாற்றியும் வளர்த்த அறிவு அது. அந்த அறிவை ஐரோப்பா எப்படி வளர்த்தது, எங்கே நழுவவிட்டது, மீட்பதற்கு இன்று என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

இத்தாலியின் பொலோனியா நகரில் கால்வானி என்ற உடற்கூற்றுப் பேராசிரியர் இருந்தார். இருவகை உலோகம் தொட்டதும் செத்த தவளையின் கால் துடித்தது. செத்தது துடிக்கிறது! ஆவி என்று அலறியிருக்கலாம். அற்புதம் என்று கைகூப்பியிருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. மீண்டும் மீண்டும் சோதித்தார். விலங்குடலிலேயே மின்சாரம் உறைகிறது என்று 1791-இல் எழுதி வெளியிட்டார்.

பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வோல்ட்டா முதலில் அதை ஏற்றார், பிறகு ஐயுற்றார். துடிப்புக்குக் காரணம் தவளையன்று, தொட்ட உலோகங்களே என்றார். ஆண்டுக்கணக்கில் நடந்தது வாதம். பெரியவர் சொன்னார் என்பதற்காக அங்கு எவரும் வாய் பொத்தி நிற்கவில்லை. சோதனைக்குச் சோதனையே விடையாயிற்று. இறுதியில் வோல்ட்டா தவளையை அறவே நீக்கினார். வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, இடையே உப்புநீரில் நனைத்த அட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கிலிருந்து மின்சாரம் இடையறாது பாய்ந்தது!

அச்செய்தியை 1800 மார்ச் 20-ஆம் நாள் அவர் கடிதமாக எழுதினார். எழுதியவர் இத்தாலியர், எழுதிய மொழி பிரெஞ்சு, சென்ற இடம் இலண்டன் அரச கழகம். பிரான்சும் பிரிட்டனும் அன்று போர்க்களத்தில் மோதிக் கொண்டிருந்தன! மன்னர்களின் படை எல்லையில் நின்றது. அறிஞரின் மடல் எல்லையைத் தாண்டிச் சென்றது. சில வாரங்களுக்குள் இலண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் அதே போன்ற அடுக்கை அமைத்து, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டினர்.

வென்றவர் யார்? தவளையின்றி மின்சாரம் உண்டு என்று நிலைநாட்டினார் வோல்ட்டா. நரம்பிலும் தசையிலும் மின்சாரம் உண்டு என்ற கால்வானியின் எண்ணத்தைப் பிற்கால அறிவியல் ஏற்றது. உலோகங்கள் தொடுவதாலேயே மின்சாரம் பிறக்கிறது என்ற வோல்ட்டாவின் விளக்கமோ முழுமையன்று. உலோகத்திற்கும் உப்புநீருக்கும் இடையே நிகழும் வேதி மாற்றமே ஊற்று என்று பின்வந்தோர் தெளிந்தனர். இருவரிடமும் உண்மை இருந்தது. இருவரிடமும் குறை இருந்தது. குறையை வெளியே சொல்லும் உரிமை இருந்ததால்தான் உண்மை வளர்ந்தது!

பின்னர் அணி அணியாய் வந்தனர் ஆய்வாளர். 1836-இல் இங்கிலாந்தில் டேனியல் நிலையாக மின்சாரம் தரும் கலத்தை ஆக்கினார். 1859-இல் பிரான்சில் பிளான்டே, தீர்ந்த மின்சாரத்தை மீண்டும் ஏற்றிக்கொள்ளும் ஈயக் கலத்தைச் செய்தார்; கார்களிலும் லாரிகளிலும் இன்றுமிருக்கும் பாட்டரியின் முன்னோடி அதுவே. 1899-இல் சுவீடனில் யுங்னர் நிக்கல்-காட்மியக் கலத்தைக் கண்டார். நாடு வேறு, மொழி வேறு. தொடர்ந்த பணி ஒன்று.

அடுத்து வந்தது லித்தியம், உலோகங்களில் மிக இலேசானது. ஆக்ஸ்போர்டில் படித்த விட்டிங்ஹாம், 1970-களில் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் மீண்டும் ஏற்றத்தக்க லித்தியக் கலத்துக்கு வழி வகுத்தார். 1980-இல் ஆக்ஸ்போர்டில் குட்இனஃப் என்ற அமெரிக்கரும், மிசுஷிமா என்ற ஜப்பானியரும், உடன் உழைத்தவர்களும், லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்ற பொருளைக் கொண்டு கலத்தின் மின்னழுத்தத்தை உயர்த்தினர். பிரான்சின் கிரெனோபிளில் மொராக்கோவில் பிறந்த யாசாமி, பென்சிலில் உள்ள கிராபைட்டின் அடுக்குகளுக்குள் லித்தியம் புகுந்து புகுந்து மீள முடியும் என்று காட்டினார். கலத்தின் இயக்கம் இவ்வளவே: மின்சாரம் ஏற்றும்போது லித்திய அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன; பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஊசலாடும் அந்தப் பயணமே நம் கையிலுள்ள கருவிகளை உயிர்ப்பிக்கிறது.

ஆனால் நடந்தது என்ன? ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் தன் கூரையின்கீழ் பிறந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவும் முன்வரவில்லை! ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையம் அதைப் பெற்றது. குட்இனஃப் தம் உரிமையை எழுதிக் கொடுத்தார். 1985-இல் ஜப்பானின் யோஷினோ பாதுகாப்பான கலத்தை வடிவமைத்தார். 1991-இல் சோனி நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. 97 வயதில் அதைப் பெற்றார் குட்இனஃப். அறிவு பிறந்தது ஐரோப்பிய ஆய்வகத்தில். ஆலை எழுந்தது ஆசியாவில். ஏட்டில் இருந்த அறிவுக்குப் பட்டறை துணை நிற்கவில்லை.

இழந்தபின் எண்ணத் தொடங்கியது ஐரோப்பா. 2004-இல் ஐரோப்பிய ஆய்வகங்கள் பலவற்றை இணைத்து அலிஸ்டோர் என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. பிரான்சின் அமியான் நகரப் பேராசிரியர் தாரஸ்கோன் அதற்கு வழிகாட்டினார். 2017-இல் ஐரோப்பிய ஆணையம் மின்கலக் கூட்டணியைத் தொடங்கியது. 2020-இல் பாட்டரி 2030 பிளஸ் என்ற பேராய்வுத் திட்டம் எழுந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் அதனை ஒருங்கிணைத்தது. அதன் ஓர் உறுப்பான பிக்-மேப் திட்டத்தில் மட்டும் 15 நாடுகளின் 34 நிறுவனங்கள் சேர்ந்தன; டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தலைமையேற்றது.

நோக்கம் என்ன? புதிய பொருளைத் தேட ஒருவர் வாழ்நாளைச் செலவிட்ட காலம் போய், ரோபோ சோதிக்க, செயற்கை நுண்ணறிவு அடுத்த சோதனையைச் சொல்ல, ஒரு நாட்டு ஆய்வகத்தின் முடிவு மறுநாட்டு ஆய்வகத்துக்கு உடனே பயன்பட வேண்டும் என்பது ஒன்று. கலத்துக்குள்ளேயே உணர்கருவி பொருத்தி, நோய் முற்றுமுன் அறிவது மற்றொன்று. பழுதுற்ற இடத்தைக் கலம் தானே ஆற்றிக்கொள்ளச் செய்வது இன்னொன்று. தோல்வியுற்ற சோதனையின் விவரமும் அங்கு மதிப்புடையது. ஒருவர் இடறிய கல்லில் மற்றவர் இடறாமல் நடக்க அது உதவும்.

நல்ல முயற்சி. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. புகையற்ற கார் ஐரோப்பிய வீதியில் ஓடுகிறது. அதற்கான கோபால்ட் எங்கிருந்து வருகிறது? உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. அங்குக் கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் உழல்வதை 2016-இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு உலகறியச் செய்தது. பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை பள்ளத்தில் இருக்கிறான்! அவன் மூச்சில் கலந்த தூசியைக் கணக்கில் சேர்க்காமல், தூய ஆற்றல் என்று பெயர் சூட்டுவது தகுமா?

தகாது என்றே ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் புதிய மின்கலச் சட்டத்தை இயற்றியது. பழைய கலங்களிலிருந்து லித்தியத்தில் பாதியை 2027 இறுதிக்குள்ளும், 80 விழுக்காட்டை 2031 இறுதிக்குள்ளும் மீட்க வேண்டும். 2031 ஆகஸ்ட் முதல், மின்வண்டிக் கலங்களில் உள்ள கோபால்ட்டில் குறைந்தது 16 விழுக்காடு மறுசுழற்சியில் பெற்றதாக இருக்க வேண்டும். கனிமம் எந்த மண்ணிலிருந்து, யார் உழைப்பில் வந்தது என்று பெரிய நிறுவனங்கள் ஆராய்ந்து பொறுப்பேற்க வேண்டும். ஆனால், 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வரவேண்டிய இந்தக் கடைசிக் கடமை 2027 ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது! வணிகருக்கு இரண்டாண்டு என்பது தவணை. குழியில் நிற்கும் சிறுவனுக்கோ அது இளமையின் இரண்டாண்டு.

சட்டம் தயங்கும் இடத்தில் அறிவு வேறு வழியும் தேடுகிறது. லித்தியத்துக்கு மாறாக, சமையல் உப்பில் உள்ள சோடியத்தைக் கொண்டு கலம் செய்கின்றனர். அமியான் ஆய்விலிருந்து டியாமட் நிறுவனமும், உப்சாலா ஆய்விலிருந்து ஆல்ட்ரிஸ் நிறுவனமும் 2017-இல் பிறந்தன. ஆல்ட்ரிஸ் பயன்படுத்தும் பொருளில் இருப்பவை சோடியம், இரும்பு, கரி, நைட்ரஜன், கோபால்ட் இல்லை. சோடியக் கலம் லித்தியக் கலத்தைவிடக் கனமானது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உப்பு எந்நாட்டுக் கடலிலும் உண்டு. அதற்காக எந்தப் பிள்ளையும் குழியில் இறங்க வேண்டியதில்லை.

வழி நேர்வழியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் பெருநம்பிக்கையாக 2016-இல் தொடங்கிய நார்த்வோல்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் சுவீடனில் திவாலானது. ஆய்வகத்தில் ஒரு கலம் செய்வது வேறு. ஆலையில் இலட்சம் கலங்களைப் பழுதின்றிச் செய்வது வேறு. ஏட்டறிவும் கைத்திறனும் ஒன்றையொன்று மதித்துக் கற்றாலன்றி இரண்டும் நிலைப்பதில்லை. ஆக்ஸ்போர்டு 1980-இல் கற்பித்த பாடத்தைத்தான் நார்த்வோல்ட் மீண்டும் கற்பித்தது.

இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே என்று நாம் கருதுகிறோம். எவர் சொன்னாலும் ஐயுறுக. ஐயத்தைச் சோதனையால் தீர்க்க. தீர்ந்ததைப் பிறர்க்குத் தருக. இம்மூன்றும் அமைந்தபோதெல்லாம் மின்கலம் வளர்ந்தது. நான்காவது ஒன்று இன்னும் நிறைவேறவில்லை. ஆய்வு மேசையைச் சுற்றி அமர்ந்த 15 நாடுகளோடு, மண்ணைத் தோண்டிக் கொடுப்பவனுக்கும் அங்கே ஓர் இருக்கை வேண்டும். கூட்டறிவின் பயன் அவன் குடிசைக்கும் விளக்காகும் நாளில்தான் வோல்ட்டா தொடங்கிவைத்த பணி முழுமை பெறும்!